கைக்கேற்ற வில்: ரீகர்வும் காம்பவுண்டும்

அண்ணன் மகளுக்கு 13 வயது. பாரா வில்லாளி ஷீத்தல் தேவி காலால் வில்லைத் தூக்கி அம்பெய்யும் காணொளியை எத்தனை முறை பார்த்தாளோ, ஒரு நாள் காலையில் வந்து நின்றாள். "சித்தப்பா, எனக்கு எந்த வில்லு வாங்கணும்? வளைஞ்சதா, சக்கரம் வச்சதா?"

எங்கள் சீர்காழியில் இராமகதைக்குப் பஞ்சமில்லை. இராம நாடகக் கீர்த்தனை பாடிய அருணாசலக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஊர் இது; அவர் உள்ளிட்ட தமிழிசை மூவருக்கு மணிமண்டபமும் இருக்கிறது. ஆனால் இங்கே கடைத்தெருவில் வில் விற்கும் கடையை நான் கண்டதில்லை. சைக்கிள் மாதிரி ஏறி மிதித்துப் பார்த்து வாங்குகிற பொருளும் அல்ல. அளவு சொல்லித்தான் வரவழைக்க வேண்டும். அளவு பிசகினால் பார்சலில் வந்தது பரணுக்குப் போகும். ஆகவே இரண்டு வில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

அவள் "வளைஞ்சது" என்றது ரீகர்வ். முனைகள் இரண்டும் எய்பவருக்கு எதிர்ப்புறமாக நெளிந்திருக்கும். 1972 மியூனிக்கில் வில்வித்தை ஒலிம்பிக்குக்குத் திரும்பியதிலிருந்து அங்கே எய்யப்படுவது இந்த வில்தான். இலக்கு 70 மீட்டரில். சக்கரம் வைத்தது காம்பவுண்ட். அமெரிக்காவின் மிசூரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969இல் பெற்ற யோசனை அது. இலக்கு 50 மீட்டரில். 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டில் இருந்த ஐந்து தங்கத்தையும் இந்தியா அள்ளியது. அவற்றில் மூன்றில் விஜயவாடா ஜோதி சுரேகாவுக்குப் பங்கு உண்டு. ரீகர்விலோ, ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட நமக்கு இன்னும் வரவில்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸில் காம்பவுண்ட் கலப்பு இரட்டையர் போட்டியும் சேர்கிறது என்பதால், சக்கர வில்லின் மீது பிள்ளைகளின் கண் விழுவதில் வியப்பில்லை.

இழுத்துப் பார்த்தால்தான் வேறுபாடு புரியும். ரீகர்வில் நாணை இழுக்க இழுக்கக் கனம் ஏறிக்கொண்டே போகும். முழுதும் இழுத்து முகவாயில் நாண் பதியும் கணத்தில்தான் பாரம் உச்சம். அந்த உச்சத்தைத் தாங்கிக்கொண்டேதான் குறி பார்க்க வேண்டும். காம்பவுண்ட் பாலத்து மேடேறி இறங்குவது போல. பாதி வழியில் கனம் உச்சத்துக்குப் போய், சக்கரம் புரண்டதும் சட்டென்று குறைந்துவிடும். 50 பவுண்டு வில்லில் முக்கால் பங்கு பாரம் கழிந்தால் கையில் நிற்பது 12 பவுண்டு சொச்சம். நிதானமாகக் குறி பார்க்கலாம்.

வில் எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியது கண். இரண்டு கண்களில் ஒன்றுதான் குறிக்குத் தலைமை தாங்கும். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு ஓட்டை விட்டு, அதன் வழியாகச் சட்டைநாதர் கோயில் கோபுரக் கலசத்தைப் பார்க்கச் சொன்னேன். பிறகு ஒரு கண்ணை மூடச் சொன்னேன். எந்தக் கண்ணை மூடினால் கலசம் ஓட்டையிலிருந்து நகர்ந்து மறைகிறதோ அதுவே தலைமைக் கண். பக்கத்து வைத்தீசுவரன்கோயிலில் நாடி பார்க்கப் போனால் ஆணுக்கு வலது பெருவிரல், பெண்ணுக்கு இடது என்பார்கள். வில்லில் அந்தப் பாகுபாடு கிடையாது. வலக்கண் தலைமையானால் இடக்கையில் வில், வலக்கையால் நாண். இவளுக்கு வலக்கண்.

அடுத்தது இழுப்பு நீளம். இரண்டு வில்லும் பிரியும் இடம் இதுதான்.

பூவை முழத்தில் அளக்கிறோம், கயிற்றை மாரில் அளக்கிறோம். முழம் ஆளுக்கு ஆள் மாறும் என்று பூக்காரம்மாவோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. வில்லுக்கு வேண்டியது அந்த மாறுகிற அளவேதான். கைகளைப் பக்கவாட்டில் விரித்து நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து, அந்த மாரை 2.5ஆல் வகுத்தால் இழுப்பு நீளம் தோராயமாகக் கிடைக்கும். சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்தோம். 158 சென்டிமீட்டர், அதாவது 62 அங்குலத்துக்குச் சற்று மேல். வகுத்தால் 25 அங்குலம்.

ரீகர்வுக்கு இந்த 25 ஒரு வழிகாட்டி, அவ்வளவே. 23 அங்குலக் கைப்பிடித் தண்டில் குட்டை லிம்பை, அதாவது மேலும் கீழும் வளையும் பட்டைகளை, பூட்டினால் 64 அங்குல வில். நடுத்தர லிம்பைப் பூட்டினால் 66. இவளுக்கு இரண்டும் பொருந்தும். வில் மிகக் குட்டையானால் முழு இழுப்பில் நாண் கூர்கோணமாக மடிந்து விரல்களை நெரிக்கும். மற்றபடி வில் எங்கும் "நில்" என்று தடுக்காது. 24இலும் நிற்கலாம், 26க்கும் போகலாம். ஒவ்வொரு அம்புக்கும் அதே இடத்துக்கு வந்து சேர்வது எய்பவரின் பொறுப்பு. கைப்பிடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய கிளிக்கர் தகட்டை அம்பு நுனி தாண்டும்போது "டிக்" என்று ஒரு சத்தம் வரும். அளவு வந்துவிட்டதற்கு அதுதான் சாட்சி.

காம்பவுண்டில் அந்த அளவு சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. குறித்த நீளம் வந்ததும் சுவரில் முட்டியது போல நாண் நின்றுவிடும். வில்லாளி அளவைத் தேட வேண்டாம். ஆனால் அந்த அளவு அவருடையதாக இருக்க வேண்டுமே! அரை அங்குலம் கூடினால் முதுகு பின்னால் சாயும், நாண் முன்கையை அறையும். குறைந்தால் தோள் குறுகி முகம் நாணைத் தேடி முன்னே நீளும். கண்ணுக்கெதிரே நாணில் பொருத்தும் துளையும் இடம் மாறிப்போகும். சக்கரத்தின் அமைப்பை மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். நாணைக் கழற்றுவதானால் பல வில்களுக்கு அமுக்கும் கருவியே தேவை. அமெரிக்கப் பள்ளிகளில் புழங்கும் ஜெனிசிஸ் வில் இதற்கு விலக்கு. சக்கரம் இருக்கும், ஆனால் பாரம் கழியாது, இழுப்பு எல்லையும் கிடையாது. ஒரே வில்லை வகுப்பு முழுவதும் எய்யலாம். கெட்டிக்கார யோசனைதான், ஆனால் காம்பவுண்டின் சுகமே அதில் இல்லை.

அடுத்தது பிடி. தஞ்சாவூர்க் கலைக்கூடத்துத் திரிபுராந்தகர் செப்புத் திருமேனியை நினைத்துக்கொள்கிறேன். வில்லைக் காணோம், வில் ஏந்திய கை மட்டும் அப்படியே நிற்கிறது. சோழர் கால இராமர் திருமேனிகள் பலவற்றிலும் இதே கதை. வில் போன பிறகும், எங்கே பிடி, எவ்வளவு உயரம் என்று கை சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த விரல்களைப் பாருங்கள், இறுக்கமே இல்லை. இன்றைய பயிற்சியாளர்களும் அதையே சொல்கிறார்கள்: வில்லைப் பற்றாதே, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள கவையில் தாங்கு. விட்டதும் வில் விழாமலிருக்க விரலில் ஒரு கயிறு போட்டுக்கொள்வார்கள். இரண்டு வில்லுக்கும் இந்தப் பிடி பொது.

பாரத்தைத் தேர்வதில்தான் ஆண்பிள்ளைகள் வழுக்கி விழுகிறோம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில் 40 பவுண்டு ரீகர்வை எடுத்துக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு இழுத்தேன். பத்து நாள் சட்டை மாட்ட முடியவில்லை. லிம்பில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குல இழுப்புக்கான கணக்கு. ஓர் அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 2 பவுண்டு குறையும். 20 பவுண்டு என்று எழுதிய லிம்ப் இவளுடைய 25 அங்குலத்தில் 14 பவுண்டுதான் இழுக்கும். தொடங்க அது போதும். தோள் பழகியதும் லிம்பை மட்டும் மாற்றலாம், கைப்பிடித் தண்டு அப்படியே இருக்கும். மிதிலையில் வில் முறிந்தது இராமனுக்குப் பெருமை. திடலில் முறிந்தால், யாரோ அளவுக்கு மீறி இழுத்திருப்பார்கள், அல்லது அம்பில்லாமல் வெறும் நாணை விட்டிருப்பார்கள்.

அம்பும் அளவுக்கு உட்பட்டதே. 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவே 880 கிராமைத் தொங்கவிட்டால் எவ்வளவு தொய்கிறது என்பதுதான் அதன் விறைப்பெண். ஓர் அங்குலம் தொய்ந்தால் 1000, அரை அங்குலமானால் 500. எண் பெரிதானால் தண்டு தளர்வு. ரீகர்வில் விரல்கள் நாணை விடும்போது நாண் சற்றே பக்கவாட்டில் ஒதுங்குவதால் அம்பு மீன்போல நெளிந்து போகும். நெளிவு வில்லைச் சுற்றிப் போகுமளவு மட்டும் இருக்க வேண்டும். இறகில்லாத அம்பை எய்து பார்ப்பார்கள். வலக்கைக்காரருக்கு அது இறகம்புகளின் இடப்புறம் விழுந்தால் விறைப்பு அதிகம், வலப்புறமானால் தளர்வு. காம்பவுண்டில் நாணை விடுவது விரலல்ல, ரிலீஸ் என்னும் கொக்கி. பக்க நெளிவு மிகக் குறைவு. தாளைக் கட்டி அதன் வழியே எய்து, கிழிசலைப் பார்த்துச் சரிசெய்கிறார்கள்.

இவ்வளவையும் கேட்டவள் திரும்ப ஆரம்பத்துக்கே வந்தாள். "அப்போ ஷீத்தல் ஏன் சக்கர வில்லு?"

நியாயமான கேள்வி. கைகளில்லாமல் பிறந்த ஷீத்தல் உட்கார்ந்து, வலக்காலால் வில்லைத் தாங்கி, தோளில் பொருத்திய கொக்கியால் நாணை இழுக்கிறார், விடுவது தாடையால். அவருடைய இழுப்பு நீளம் பாதத்துக்கும் தோளுக்கும் இடைப்பட்டது; மாரை 2.5ஆல் வகுக்கும் கணக்கெல்லாம் அங்கே செல்லாது. அப்படி எய்துதான் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் தகுதிச் சுற்றில் 703 புள்ளி எடுத்தார், ராகேஷ் குமாருடன் கலப்பு அணியில் வெண்கலமும் வென்றார். அதே பாரிஸில் தங்கம் வென்ற அமெரிக்கர் மேட் ஸ்டட்ஸ்மேனும் கைகளில்லாதவர், காலால் காம்பவுண்ட் எய்பவர். முழு இழுப்பில் பாரம் கழிவதும், அளவு வில்லிலேயே பூட்டியிருப்பதும் அப்படிப்பட்ட உடலுக்குப் பெரிய துணை. காம்பவுண்ட் சுலபமான வில், ரீகர்வ்தான் அசல் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இவள் விஷயம் வேறு. வளர்கிற உடம்பு. வில்லைச் சரிசெய்ய ஆளில்லாத ஊர். ரீகர்வில் நாணை முறுக்கினால் நாணுக்கும் பிடிக்கும் இடைவெளி கூடும், முறுக்கைத் தளர்த்தினால் குறையும். வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். மாலையில் நாணைக் கழற்றி வைக்கலாம். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் மட்டும் போட்டுவைக்கக் கூடாது; ஒட்டிய லிம்ப் பிரிந்துவிடும். ரீகர்வ் என்று முடிவானது.

நான்கு மாதம் கழித்து அதே சுவரில் மறுபடி அளந்தோம். 162. இழுப்பு அரை அங்குலம் கூடியிருந்தது. சக்கர வில்லானால் இந்நேரம் அமைப்பை மாற்ற ஆள் தேடி அலைந்திருப்போம். பழைய பென்சில் கோட்டை அழிக்க வேண்டாம் என்று அண்ணியிடமும், அம்புகளை இப்போதைக்கு வெட்ட வேண்டாம், நீளமாகவே இருக்கட்டும் என்று அவளிடமும் சொல்லியிருக்கிறேன்.