எதிரியே முதல் வாசகர்

டிப்ளமசி என்ற பலகை விளையாட்டில் தாயக்கட்டைக்கு வேலையில்லை. 1901-ஆம் ஆண்டின் ஐரோப்பா, ஏழு வல்லரசுகள், 34 வள மையங்கள்; அவற்றில் 18-ஐப் பிடித்தவருக்கு வெற்றி. எல்லோரும் படை நகர்வுகளைச் சீட்டில் எழுதிவைத்து ஒரே நேரத்தில் பிரிப்பார்கள். அதற்கு முன் மூலைக்கு மூலை நடக்கும் ரகசியப் பேச்சுதான் உண்மையான ஆட்டம். கொடுத்த வாக்கைக் காற்றில் விடலாம், விதி தடுக்காது. ஹார்வர்டில் படித்த ஆலன் கால்ஹாமர் இதை உருவாக்கி, 1959-இல் சொந்தச் செலவில் 500 பெட்டிகள் தயாரித்து விற்றார்.

ஏழு பேரை ஒரே மேசையில் அரை நாள் உட்காரவைப்பது லேசான காரியமல்ல. 1963-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த இயற்பியலாளர் ஜான் போர்ட்மேன் ஆட்டத்தைத் தபாலில் ஏற்றினார். அதற்காக அவர் தொடங்கிய சிற்றிதழின் பெயர் கிராவ்ஸ்டார்க். ஒரு பழைய ஆங்கில நாவலில் வரும் கற்பனை நாட்டின் பெயர் அது. நகர்வுகள் கடிதத்தில் வரும். ஆசிரியர் தீர்ப்பளித்து முடிவை அச்சிட்டு அனுப்புவார். போர்ட்மேன் அறிவியல் புனைகதை ரசிகர் வட்டத்தைச் சேர்ந்தவர். கைக்காசைப் போட்டு இதழ் நடத்தி, தங்களுக்குள்ளேயே எழுதி, தங்களுக்குள்ளேயே சண்டை போடும் பழக்கம் அந்த வட்டத்தில் ஏற்கெனவே ஊறியிருந்தது. தமிழில் சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முடிவுகளை மட்டும் அச்சிட்டிருந்தால் அது வெறும் கணக்கேடாகப் போயிருக்கும். ஆட்டக்காரர்கள் நகர்வோடு சேர்த்துச் செய்தி அறிக்கையும் அனுப்பத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பிரஸ்'. நிஜப் பத்திரிகையில் வருவதுபோலவே ஊர்ப்பெயரும் காலமும் தலையில் இருக்கும்: வியன்னா, 1902 இலையுதிர் காலம். கீழே ஆஸ்திரியப் பேரரசர் துருக்கியின் நட்பைப் புகழ்ந்து தள்ளியிருப்பார். அதே பக்கத்தில் அச்சான முடிவைப் பார்த்தால் அவருடைய படை துருக்கியின் எல்லைக்குள் நிற்கும். அடுத்தவர் பெயரில் பொய்யறிக்கை விடுவது 'கறுப்பு பிரஸ்'. சில ஆசிரியர்கள் அதை அனுமதித்தார்கள், சிலர் கண்டிப்பாக மறுத்தார்கள். நாளடைவில் அரசவைச் சூழ்ச்சி, உளவாளி, காணாமல் போன இளவரசி என்று பிரஸ் தொடர்கதையாகவே வளர்ந்தது. தோற்று மூலையில் ஒரே ஒரு படையோடு முடங்கிக் கிடப்பவருக்கும் பேனா மிச்சமிருந்தது.

இதைப் பாராட்டியவர்கள் யார்? முதுகில் குத்தியவரும் குத்துப்பட்டவரும்தான். எதிராளி படிப்பதற்காகவே போர்ச் செய்தி எழுதும் இந்த வழக்கத்துக்கு டிப்ளமசியைவிட வயது அதிகம். 1880-களின் தொடக்கத்தில் நுரையீரல் நோய்க்காக சுவிட்சர்லாந்தின் டாவோஸில் குளிர்காலத்தைக் கழித்த நாவலாசிரியர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன், மனைவியின் மகன் லாயிட் ஆஸ்போர்னோடு பரணில் படுத்துக்கொண்டு ஈயச் சிப்பாய்ப் போர் நடத்தினார். தரையில் சாக்கட்டியால் ஆறும் மலையும் சாலையும் வரைந்திருந்தார்கள். போரைப் பற்றிக் கற்பனைப் பத்திரிகைகளின் பெயரில் ஸ்டீவன்சன் செய்தி எழுதினார். அதில் தளபதிகளுக்குத் திட்டும் விழும். எதிரில் படுத்திருந்த பையன்தான் வாசகன். ஸ்டீவன்சன் 1894-இல் இறந்தார். 1898-இல் ஆஸ்போர்ன் ஸ்கிரிப்னர்ஸ் இதழில் அவற்றை வெளியிட்ட பிறகே வெளியுலகம் படித்தது.

தபால் டிப்ளமசியில் வாசகர் வட்டம் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 1963ஏ என்பதுபோல ஆண்டும் எழுத்தும் சேர்ந்த 'போர்ட்மேன் எண்' கொடுத்துப் பதிவு வைத்தார்கள். வெற்றிகளைக் கூட்டிக் கழித்துத் தரவரிசை போட்டவர்களும் உண்டு. பிரிட்டனில் 1969-இல் டான் டர்ன்புல் ஆல்பியனைத் தொடங்கிய பின் அங்கும் சிற்றிதழ்கள் பெருகின. வாசகர்களிடம் வாக்கு கேட்டு இதழ்களை வரிசைப்படுத்தும் வழக்கமும் வந்தது. வட அமெரிக்காவில் அது ரூன்ஸ்டோன் வாக்கெடுப்பு.

விருதுகளைப் பார்த்தால் இந்தக் கூட்டத்தின் மனசு தெரியும். நன்றாக ஆடியவருக்கு ஜான் கோனிங் பெயரில் ஒன்று. தொண்டு செய்தவருக்கு டான் மில்லர் பெயரில் ஒன்று. எழுத்துக்கென்று தனியாக ராட் வாக்கர் விருது. பெயர் கொடுத்த மூவருமே இந்தச் சிற்றிதழ்களில் உழைத்தவர்கள். ஆட்டக்காரரும் எழுத்தாளரும் ஒரே தட்டில் வைக்கப்பட்டார்கள் என்பதே வியப்பு. 

கணினி வந்ததும் தபால்காரருக்கு ஓய்வு கிடைத்தது. எழுதும் ஆசைக்குக் கிடைக்கவில்லை. ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2000-இல் யூரோபா யுனிவர்சாலிஸ் விளையாட்டை வெளியிட்ட பிறகு, ஆட்டத்தை நாவலாகவும் போலி வரலாற்று நூலாகவும் எழுதுகிறவர்கள் திரண்டார்கள். ராணுவத்திலிருந்து வந்த பெயரால் அதை 'ஏஏஆர்' என்கிறார்கள்: சண்டை முடிந்தபின் தரும் அறிக்கை. ஏஏஆர் எழுதுகிறவர்களிடையே வாக்கெடுப்பு விருதும் உண்டு. அதைவிடச் சுவையானது 'இந்த வாரத்தின் எழுத்தாளர்' பட்டம். அதற்கு நடுவர் குழு கிடையாது. இப்போது பட்டம் வைத்திருப்பவரே அடுத்தவரைத் தேர்ந்தெடுத்து, காரணம் சொல்லிக் கைமாற்றுவார். நண்பர்களுக்குள்ளேயே சுற்றிவரும் ஆபத்து இதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் வாக்கு போடுகிறவர் எல்லாவற்றையும் படித்திருக்க வேண்டியதில்லை. பட்டத்தைக் கைமாற்றுகிறவர் அந்த ஒருவரையாவது படித்தே ஆக வேண்டும். அந்த வகையில் இரண்டில் இதுவே நேர்மையான முறை.