சாகணும் தஞ்சையும்

ஊர்விட்டு ஊர் சென்று குடித்தனம் அமைப்பவர்க்குப் புதிய மண்ணின் வேற்றுமை முதன்முதலில் தெரிவது அடுக்களையிலேதான். புனே நகருக்கு வடக்கே, நாசிக் செல்லும் பெருவழியில் அமைந்துள்ள சாகண் என்னும் ஊரை எடுத்துக்கொள்வோம். வெங்காயச் சந்தைக்குப் பெயர்பெற்ற அவ்வூர் இன்று மோட்டார்த் தொழிற்சாலைகள் நிறைந்த தொழில் வட்டாரமாக விளங்குகிறது. ஆலைவேலையை நாடி அங்குச் சென்றுள்ள தமிழ்க் குடும்பங்கள் பல. கடையில் வாங்கிய இந்திராயணி அரிசி நாம் வழக்கமாக வைக்கும் உலைநீரில் குழைந்துபோகிறது. தை மாதத்துக் குளிரில் இட்லி மாவு புளிக்க மறுக்கிறது. வெங்காயத்தைக் ‘காந்தா’ என்றும் புளியைச் ‘சிஞ்ச்’ என்றும் கேட்கப் பழக வேண்டியிருக்கிறது. இவை சிறிய இடர்களே. ஆயினும் நாள்தோறும் வரும் சிறிய இடர் மனத்தைச் சோர்வுறச் செய்யவல்லது.

இத்தகைய நேரத்தில் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நன்று. நாம் இன்று செல்லும் வழியிலே, எதிர்த்திசையில், முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே சிலர் வந்திருக்கின்றனர்.

சாகண் கோட்டை போன்சலே குலத்தின் பழைய உடைமைகளுள் ஒன்று. அகமதுநகர் நிசாம்சாகி அரசினரிடமிருந்து மாலோஜி போன்சலே பெற்ற சாகீரில் புனே, சூபே பகுதிகளோடு சிவனேரி, சாகண் கோட்டைகளும் அடங்கும் என்பர். மாலோஜியின் மகன் சாகாஜி. சாகாஜியின் மக்கள் சத்திரபதி சிவாஜியும், மற்றொரு மனைவியின் வயிற்றிற் பிறந்த ஏகோஜியும். 1660-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் முகலாயத் தளபதி சயிஸ்தகான் சாகணை முற்றுகையிட்டபோது, பிரங்கோஜி நர்சாலா என்னும் கோட்டைத் தலைவர் சிறுபடையுடன் ஐம்பது நாட்களுக்கு மேல் எதிர்த்து நின்றார். சுரங்கவெடியால் மதிற்பகுதி தகர்ந்த பின்னரே கோட்டை வீழ்ந்தது. இதற்குப் பதினைந்து, பதினாறு ஆண்டுகள் கழித்து, பீசப்பூர்ப் படைத்தலைவராகத் தெற்கே வந்த ஏகோஜி தஞ்சையைக் கைப்பற்றி, அங்கேயே அரசராக அமர்ந்துவிட்டார். பாட்டனார் சாகணுக்கு உரியவர்; பேரனார் காவிரிக் கரைக்கு உரியவரானார்.

அரசரோடு வந்தவர் யாவர்? போர்வீரர், எழுத்தர், புரோகிதர், சமையற்காரர், அவர்தம் பெண்டிர், பிள்ளைகள் ஆகியோர். சோளரொட்டியும் கோதுமையும் உண்டு பழகிய அவர்கள் நெல் விளையும் நாட்டில் வாழத் தலைப்பட்டனர். கொங்கணக் கரையில் விளையும் புளிப்புக் கோகம் இங்கில்லை, புளியே உண்டு. தஞ்சை அரண்மனையில் கோகம் தீர்ந்த ஒருநாள் புளியைக் கரைத்து வைத்த பருப்புக் குழம்பே சாம்பார் ஆயிற்று என்றொரு கதை வழங்குகிறது. இது செவிவழிக் கதையேயன்றி வரலாற்றுச் சான்றுடையதன்று. எனினும் மக்கள் இக்கதையை விரும்பிச் சொல்வதன் காரணம் எளிதில் விளங்கும். இல்லாததை எண்ணி ஏங்காமல், இருப்பதைக் கொண்டு சமைத்த கையை நாம் மதிக்கிறோம். கதையை விடுத்துச் சொற்களை நோக்கினாலும் உறவு புலனாகும். அவர்களுடைய ‘கோஷிம்பீர்’ நம் இல்லங்களிற் கோசும்பரி. அவர்களுடைய ‘பூரண்போளி’ நம் பண்டிகைப் போளி. அவர்களுடைய ‘கங்காள்’ நம் திருமண வீட்டுக் கங்காளம்.

அவர்கள் தம் மொழியைக் கைவிட்டனரா? இல்லை. இரண்டாம் சரபோஜி மன்னர் தம் குலவரலாற்றை 1803-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிற் சுவரிலேயே மராத்தி மொழியிற் பொறிக்கச் செய்தார். அரண்மனைக் கணக்குகள் மோடி எழுத்தில் எழுதப்பெற்றன. சமையற்கலை பற்றியும் மராத்தியில் நூல் இயற்றப்பெற்றது. அதே மன்னரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி செந்தமிழ் நூலாகும். தம் மொழியை வீட்டிற் காத்தவர்கள் அயல்மொழியை அவையில் ஏற்றிப் போற்றினர். ஒரத்தநாட்டில் 1802-இல் அமைந்த முத்தாம்பாள் சத்திரம் வழிப்போக்கர்க்கு உணவளித்தது. புலம்பெயர்ந்து வந்த குலத்தவர், வழிநடப்போரின் பசியறிந்து நடந்துகொண்டனர் எனலாம்.

இங்கே ஒன்றை மறைக்காமற் கூறவேண்டும். அவர்கள் வாளேந்தி வந்து ஆட்சி செய்தவர்கள். நாமோ கருவியேந்திச் சென்று உழைப்பவர்கள். ஆள வந்தவர்க்குக் கிடைத்த இடம் உழைக்கச் சென்றவர்க்குத் தானே கிடைத்துவிடாது. 1960-ஆம் ஆண்டு மகாராட்டிர மாநிலம் அமைந்தபின், அப்பத்தாண்டின் பிற்பகுதியில், தென்னாட்டார் வேலைகளைப் பறித்துக்கொள்கின்றனர் என்ற குரல் பம்பாயில் எழுந்ததையும், தென்னாட்டார் உணவு விடுதிகள் தாக்கப்பட்டதையும் மூத்தோர் மறந்திலர். அவ்வச்சம் இன்றும் சில உள்ளங்களில் ஓரத்தில் இருக்கக்கூடும்.

ஆயினும் தஞ்சை மராத்தியரின் உண்மையான சோதனை அரசு போன பின்னரே வந்தது. 1855-இல் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைய, தஞ்சை அரசு கும்பினியார் கைக்குச் சென்றது. அரசில்லை, அதிகாரமில்லை. வீடுகள் மட்டும் எஞ்சின. எழுத்தர் வீட்டுப் பிள்ளைகளும் சமையற்காரர் வீட்டுப் பிள்ளைகளும் தமிழ்நாட்டுத் தெருக்களிலேயே வளர்ந்தனர். வாசலில் தமிழும் அடுக்களையில் மராத்தியுமாக அவர்கள் வாழ்ந்த வாழ்வு இன்றும் தொடர்கிறது. அவர்கள் பேசும் தஞ்சாவூர் மராத்தி, புனேயில் வழங்கும் மராத்தியினின்று வேறுபட்டது. தமிழின் சாயல் படிந்தது. அவர்களைத் தாங்கி நின்றது இல்லற வழக்கமே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அக்குடும்பங்களிலிருந்து மீண்டும் வடமேற்கே சென்றோரும் உளர். 1828-இல் கும்பகோணத்திற் பிறந்த சர் தி. மாதவராவ், திருவிதாங்கூரிலும் இந்தூரிலும் பணியாற்றியபின், 1875 முதல் 1882 வரை பரோடாவின் திவானாக விளங்கினார். 1880-இல் தஞ்சையைச் சேர்ந்த இலட்சுமிபாய் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவை மணந்து சென்றபோது, தஞ்சை நாட்டியக் கலைஞரும் உடன் சென்றனர். சீர்வரிசையோடு சதிராட்டமும் புகுந்தகம் சென்றது! பிறந்தகத்துக் கலையின் ஒலி கேட்கும் வீட்டில் அப்பெண்ணுக்கு அயலூர் சற்றேனும் அணுக்கமாயிருந்திருக்கும் அன்றோ?

இனி நம் சாகண் வீட்டிற்குத் திரும்புவோம். இந்திராயணி அரிசிக்கு உலைநீரைக் குறைத்து வைப்போம். குளிர்நாளில் மாவுப் பாத்திரத்தைக் கம்பளியாற் போர்த்தி, அடுப்பருகே கதகதப்பான இடத்தில் வைப்போம். அண்டை வீட்டு மூதாட்டியிடம் சோளரொட்டி தட்டக் கற்றுக்கொள்வோம். அவருக்கு நம் இரசத்தைக் கொண்டுபோய்க் கொடுப்போம். உறவுமுறை சொல்லி அழைக்கவும் பெரிதும் தடையில்லை. மராத்தியிலும் மூத்தவரை ‘அண்ணா’ என்றும் ‘அக்கா’ என்றும் அழைப்பர். அவர்கள் தமக்கையை அழைக்கும் ‘தாயீ’ என்னும் சொல் நம் செவியில் அன்னையையே நினைவூட்டும்.

குழந்தைகள் தெருவிலே மராத்தி பேசட்டும். அது அவர்கள் விளையாடும் மண்ணின் மொழி. வீட்டிலே தமிழ் பேசவும் எழுதவும் நாம் நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்குவோம். அரசும் ஆணையுமின்றி, அடுக்களைப் பேச்சாகவே ஒரு மொழியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்கள் நம் தஞ்சையிலேயே உள்ளன. அவர்களால் அங்கு இயன்றது நம்மால் இங்கு இயலாததாகுமா? இன்றிரவு உணவு பரிமாறும்போதே அதனைத் தொடங்குவோமாக.