தீப்பெட்டிப் படமும் பேசும் பலகையும்

இன்னிக்கு ஒரு குட்டி வரலாறு. வீட்டுக்கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

சிவகாசியில என் அக்கா பையன், வயசு ஒன்பது. ஆட்டிசம், பேச்சு வரல. ஐப்பசி வந்தா வெடிச்சத்தத்துக்குப் பயந்து காதைப் பொத்திக்கிட்டு கட்டிலுக்கு அடியில போயிடுவான். சத்தம் வேணாம்னு சொல்ல அவனுக்கு வழியில்ல.

இத்தனைக்கும் படத்தாலேயே பிழைச்ச ஊருங்க எங்க ஊரு! 1922-ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், லேபிளுக்கு அச்சகம் வேணும். இப்படித்தான் அச்சுத்தொழிலும் வளர்ந்துச்சு. படிக்கத் தெரியாத பாட்டிகூட லேபிள் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கிடும்.

இதே சூட்சுமத்தை 1985-ல அமெரிக்காவுல ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட்னு ரெண்டு பேர் ஆட்டிசக் குழந்தைகளுக்குக் கொண்டு வந்தாங்க. பட அட்டையை எடுத்து நீட்டு, கேட்டது கிடைக்கும். அவ்ளோதான்!

நம்ம சென்னையிலயும் அட்டைக்குக் குரல் வந்துச்சு. பேசும் கருவிகள் அப்போ வெளிநாட்டுல பல ஆயிரம் டாலர். ஐஐடி மெட்ராஸ்ல படிச்ச அஜித் நாராயணன், வித்யாசாகர் பள்ளியோட சேர்ந்து உழைச்சு 2010-ல 'ஆவாஸ்' கருவியைக் கொண்டு வந்தார். படத்தைத் தொட்டா பேசும். அடுத்த வார்த்தையையும் ஊகிக்கும். 2012-ல அது ஐபேட் செயலியாச்சு. 2013-ல 'ஃப்ரீ ஸ்பீச்'னு இன்னொண்ணு காட்டினார். படங்களை யார், என்ன, எப்போன்னு கோத்தா, இலக்கணத்தோட முழு வாக்கியமே வந்துடும்.

இப்போ செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் காலம். வேலையைப் படிப்படியாப் பிரிச்சுத் தருது, ஞாபகப்படுத்துது. நல்லதுதான். ஆனா எனக்கு ஒரு பயம். தீபாவளி சமயத்துல சிவகாசிப் பையன் பட்டாசுப் படத்தைத் தொட்டா, இயந்திரம் என்னன்னு ஊகிக்கும்? "பட்டாசு வேணும்"னுதானே? ஊரே அப்படித்தானே பேசுது!

அக்கா ஊகத்துக்கே விடல. சரவெடியை போட்டோ எடுத்து, குறுக்கே சிவப்புக்கோடு போட்டு, தன் குரலையே பதிஞ்சு செயலியில சேர்த்தா. போன தீபாவளிக்கு அதை அவன் தொட்டான்.

"சத்தம் வேணாம்."

அத்தான் பட்டாசு வித்துத்தான் அந்த வீட்டுல சோறு. ஆனாலும் அன்னிக்கு எங்க வாசல்ல ஒரு சரம்கூட வெடிக்கல.

உதவியாளர் எவ்வளவு புத்திசாலியா வேணா இருக்கட்டும் மக்களே. "வேணாம்"ங்கிற வார்த்தையை மட்டும் அந்தப் பிள்ளை கையிலேயே விட்டு வைக்கணும். என்ன சொல்றீங்க?