எரிச்சலுக்கான ஜெர்மன் சொற்கள்

ஆங்கிலத்து ‘இரிட்டேஷன்’ என்னும் சொல்லை ஜெர்மனுக்குக் கொண்டுசெல்பவரை முதலில் ஏமாற்றுவது, அதே தோற்றத்தில் அங்கே நிற்கும் ‘இர்ரிட்டீரன்’ என்னும் வினை. இரண்டும் ஒரே லத்தீன் வேரில் கிளைத்தவை. ஆயினும் இன்றைய ஜெர்மானியர் ஒருவர் தாம் ‘இர்ரிட்டீர்ட்’ ஆக இருப்பதாக எழுதினால், பெரும்பாலும் அவர் சினக்கவில்லை, குழம்பியிருக்கிறார். வழிதவறுதலைக் குறிக்கும் ‘இர்ரன்’ என்ற சொல்லின் ஒலியொப்புமை இப்பொருள்மாற்றத்துக்குத் துணைநின்றது. ஐயத்தைத் தெரிவித்த கடிதம் ஆங்கிலத்தில் கோபக் கடிதமாவது இவ்வாறே.

உண்மையான இணைச்சொல்லுக்கு உடலியல் வரலாற்றுக்குள் செல்ல வேண்டும். 1752இல் கோட்டிங்கனில் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் லத்தீனில் ஓர் ஆய்வுரை வழங்கினார். 190 விலங்குகளைச் சோதித்து அவர் கண்ட வேறுபாடு இது: தொட்டால் சுருங்கும் உறுப்பு ஒருவகை, தொடுகையை ஆன்மாவுக்கு உணர்த்தும் உறுப்பு மற்றொருவகை. தசை முன்னது, நரம்பு பின்னது. முன்னதன் பண்புக்கு அவர் இட்ட பெயர் ‘இர்ரிட்டபிலிட்டாஸ்’. முந்தைய நூற்றாண்டின் ஆங்கில மருத்துவர் கிளிசனிடமிருந்து வந்த சொல். ஜெர்மனில் அது ‘ரைட்ஸ்பார்கைட்’ என நிலைபெற்றது. அங்கே முன்கோபத்துக்கு இடமே இல்லை. அக்கால மருத்துவ நூலில் இச்சொல்லைச் சிடுசிடுப்பு என்று பெயர்ப்பவர், தசையின் இயல்பை மனிதக் குணமாக்கிவிடுகிறார். தோலுக்கும் மனத்துக்கும் ‘எரிச்சல்’ என்ற ஒரே சொல்லை வழங்கும் தமிழர் இங்கே இன்னும் எளிதில் வழுக்கக்கூடும்.

அதன் அடிச்சொல்லான ‘ரைட்சன்’ தூண்டுவதையும் குறிக்கும், கவர்வதையும் குறிக்கும். எனவே ‘கெரைட்ஸ்ட்’ என்றால் எரிச்சலுற்றவர். ‘ரைட்சென்ட்’ என்றாலோ மனங்கவர்பவர். எரிச்சலூட்டும் அண்டைவீட்டாரை அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்த்தால் அவர் பேரழகராகிவிடுவார்.

அன்றாடத் தொல்லைக்கு உரிய சொல் ‘எர்கெர்ன்’. ‘தீய’ எனப் பொருள்படும் ‘ஆர்க்’ என்பதன் வழி வந்தது. லூதர் 1522இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் இது ஒருவரைப் பாவத்தில் இடறச்செய்வதைக் குறித்தது. பிற்காலத் திருத்தப் பதிப்புகள், வலக்கண் பற்றிய மத்தேயு வசனத்தில் இவ்வினையை மாற்ற வேண்டியதாயிற்று. இல்லையேல் கண் வெறுமனே எரிச்சலூட்டுவதாகப் படித்துவிடுவர். 1914 முதல் பெருமளவில் விற்பனைக்கு வந்த ஜெர்மன் பலகை விளையாட்டின் பெயரிலேயே இச்சொல் உண்டு: ‘மனிதா, எரிச்சல் கொள்ளாதே’. நம் பச்சீசியின் வழிவந்த அவ்விளையாட்டில், வெட்டுண்ட காய் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டும்.