ரேந்தைப் பின்னலும் விடுதலைக் கூலியும்

தமிழில் வழங்கும் 'ரேந்தை' என்னும் சொல் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது. ஆயினும் தென்திருவிதாங்கூரில் ரேந்தை பெண்களின் தொழிலாக வேரூன்றியது, 1819இல் நாகர்கோவில் வந்த இலண்டன் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா நடத்திய பெண்பள்ளியின் வழியாகவேயாம். அங்குக் கற்பிக்கப்பட்டது, குரோஷா ஊசியால் ஒற்றை நூலைக் கண்ணி கண்ணியாகக் கோக்கும் முறையன்று. திண்டின்மீது குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய பல நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும் முறை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. மார்த்தாவின் மகள் எலைசா, 1844இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்தபின் இடையன்குடியில் இத்தொழிலைப் பரப்பினார்.

மிஷன் வரலாறுகள் இதனைப் பெரிதும் ஐரோப்பியப் பெண்களின் கொடையாகவே போற்றுகின்றன. பின்னியவர்களின் கூலி அவற்றில் ஓரஞ்சாரமாகவே இடம்பெறுகிறது. அடிமைப் பெண்கள் சிலர் அக்கூலியைக் கொண்டே தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர். திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை ஒழித்ததோ 1855இல்தான்.