குதிரையின் திடீர் நொண்டல்: காரணம் அறிதல்
நேற்றுவரை நன்றாக நடந்த குதிரை, அடிபட்ட தடயமே இல்லாமல் ஒரு காலை ஊன்ற மறுத்தால், தேடலைக் குளம்பிலிருந்தே தொடங்க வேண்டும். உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்கால்களே தாங்குகின்றன. அவற்றில் வரும் நொண்டலுக்குப் பெரும்பாலும் குளம்பே காரணம். கணுவின் பின்புறம் விரல் வைத்தால் நாடி துள்ளுவதும், குளம்புச் சுவர் சுடுவதும் முதல் சான்றுகள். இடுக்கியால் குளம்பின் அடிப்பகுதியைச் சிறிது சிறிதாக அழுத்திப் பார்க்கும்போது, ஒரே இடத்தில் குதிரை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் உள்ளே சீழ் கட்டியிருக்க வாய்ப்பு மிகுதி. விரிந்து கொடுக்காத கொம்புச் சுவருக்குள் அழுத்தம் ஏறுவதால், சிறு கட்டிகூட எலும்பு முறிவுபோல் வலிக்கிறது.

வீக்கம் மேற்காலில் இருக்க, குளம்பை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். குளம்புச் சீழே மேற்காலையும் வீங்கச் செய்யும் என்பதால், வீக்கம் மட்டும் இடத்தைக் காட்டாது. எல்லாவற்றையும் குளம்பின்மேல் சுமத்தினால் முறிவு கண்ணுக்குத் தப்பிவிடாதா என்பது வலுவான மறுப்பு. அதனால்தான் முறிவு ஐயம் தீரும்வரை குதிரையை நடத்திப் பார்க்கக் கூடாது. மரப்பு ஊசியும் கூடாது. வலி மறைந்தால் குதிரை காலை அழுத்தி ஊன்றி, மெல்லிய விரிசலை முழு முறிவாக்கிக்கொள்ளும். முதல் எக்ஸ்ரேயில் தெரியாத விரிசல் 10 முதல் 14 நாள் கழித்துத் தென்படக்கூடும். குளம்பில் ஆணி தைத்திருந்தால், இயன்றவரை படம் எடுத்த பிறகே பிடுங்க வேண்டும். எவ்வளவு ஆழம், எந்தத் திசை என்பதை அந்த ஆணியே காட்டும்.