கறுவா குக்கீஸும் கம்பனி போட்ட பூட்டும்

கோதுமை மா, பட்டர், சிவப்புச் சீனி, ஒரு முட்டை, கொஞ்சம் கறுவாத்தூள். வீட்டில் கறுவா குக்கீஸ் செய்ய இவ்வளவும் போதும். இந்தப் பட்டியலில் கோதுமை கப்பலில் வருவது, அது இங்கே விளைவதில்லை. கறுவா மட்டும் இந்தத் தீவின் சொந்தச் சாமான். ஆனால் குக்கீயைப் பார்த்தால் முழுக்க வெளிநாட்டுப் பலகாரம் மாதிரித்தான் தெரியும். எங்கட அம்மம்மாமார் கறுவாவை இறைச்சிக்கறிக்குப் போட்டார்கள், பிஸ்கட்டுக்குப் போடவில்லை. அப்படியானால் எங்கட நாட்டுப் பட்டை ஐரோப்பியரின் பிஸ்கட்டுக்குள் எப்படிப் போனது?

முதலில் பெயரைப் பார்ப்பம். 'குக்கி' என்பது ஆங்கிலச் சொல் எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம். அது ஒல்லாந்து மொழியின் 'கூக்யே' என்ற சொல்லிலிருந்து வந்தது. சின்னக் கேக் என்று அர்த்தம். இன்றைய நியூயோர்க்கில் முதலில் குடியேறிய ஒல்லாந்தர் அதை அமெரிக்க ஆங்கிலத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதே சொல் இலங்கையிலும் இறங்கியது. சித்திரைப் புத்தாண்டுக்கு அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் கரைத்து, அச்சில் தோய்த்துச் சுடுகிற கொக்கிஸ்தான் அது. கொக்கிஸும் குக்கீஸும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் கொக்கிஸில் கறுவா இல்லை. பெயர் இங்கே தங்கியது, பட்டை கப்பலேறியது.

கப்பலேறிய பட்டை போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று 'ஸ்பெகுலாஸ்' என்ற ஒல்லாந்து பிஸ்கட். டிசம்பர் 5ஆம் திகதி, புனித நிக்கலஸ் திருநாளுக்கு முதல் இரவு, மர அச்சில் அழுத்தி எடுத்துச் சுடுகிற பலகாரம். அதில் முக்கியமானவை கறுவா, கராம்பு, சாதிக்காய். கறுவா இலங்கையிலிருந்து போனது. கராம்பு அம்போனிலிருந்தும் சாதிக்காய் பண்டா தீவுகளிலிருந்தும் போயின. மூன்று இடங்களையும் பிடித்து வைத்திருந்தது ஒரே கம்பனி, ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி.

பூட்டு விழுந்த கதை

கறுவாவுக்காக இங்கே முதலில் வந்து உட்கார்ந்தவர்கள் போர்த்துக்கேயர். 1518இல் கொழும்பில் கோட்டை கட்டினார்கள். கோட்டே அரசன் அவர்களுக்குத் திறையாகக் கறுவா கொடுத்தான். அவர்களைத் துரத்த கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் 1638இல் ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் செய்தான். அதற்குக் கூலியும் கறுவாதான். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்கு மாறின. பிடித்த இடங்களை அவர்கள் கண்டிக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. 'இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கின மாதிரி' என்று சிங்களத்தில் சொல்வது இதைத்தான்.

நீர்கொழும்பிலிருந்து மாத்தறை வரை, தென்மேற்கு மழை விழுகிற காடுகளில் கறுவா தானாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்தின் வறண்ட மண்ணுக்கு அது வராது. கம்பனிக்கு வடக்கில் வேண்டியவை யானையும் சாயவேரும் துணியும். ஆனால் யாழ்ப்பாணக் கோட்டையை ஆண்டதும் தெற்கில் கறுவா எடுத்ததும் ஒரே கம்பனிதான்.

காட்டில் நின்ற மரம் கம்பனியின் சொத்தாகியது. அனுமதியில்லாமல் பட்டை உரித்தாலோ விற்றாலோ மரத்தைச் சேதப்படுத்தினாலோ மரணதண்டனை வரைக்கும் போகலாம். தன் வளவுக்குள் தானாக முளைத்த கன்றைக்கூட ஒருவர் வெட்டிவிட முடியாது.

உரிக்கிற வேலை சலாகம என்ற சாதியின் மேல் விழுந்தது. தங்கள் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த நெசவாளர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. அரசனுக்குச் செய்யவேண்டிய இராசகாரியம் என்ற பழைய கட்டாய ஊழியத்தைக் கம்பனி எடுத்து, இன்னும் இறுக்கியது. ஆண்பிள்ளைக்கு 12 வயதானதும் பெயர் பதிவில் ஏறும். வயது கூடக் கூட, கொடுக்கவேண்டிய பட்டையின் நிறையும் கூடும். மாதக்கணக்கில் காட்டில் தங்கி உரிக்கவேண்டும். தாங்கமுடியாமல் கண்டி இராச்சியத்துக்கு ஓடினவர்கள் உண்டு. பிள்ளையை வேறு சாதியில் பதிந்து தப்பவைக்கப் பார்த்தவர்களும் உண்டு. தோம்பு என்று நாங்கள் படிக்கிற ஒல்லாந்தரின் பதிவேடுகளுக்கு இப்படியும் ஒரு முகம் இருக்கிறது.

1760

இந்த வரலாற்றில் ஒரு வருடத்தை மட்டும் நினைவில் வைக்கச் சொன்னால் நாங்கள் 1760ஐச் சொல்லுவோம்.

அந்த வருடம் தென்மேற்கில் கிளர்ச்சி வெடித்தது. கறுவாக் காட்டைக் காப்பாற்ற வேண்டுமென்று கம்பனி சேனைப் பயிர்ச்செய்கையை மறித்திருந்தது. வெட்டித் திருத்திய காணிகளும் பறிபோயின. விவசாயிகளோடு கறுவா உரிப்பவர்களும் சேர்ந்து எழும்பினார்கள். கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் பின்னால் நின்றான். 1761இல் மாத்தறைக் கோட்டை கொஞ்சக் காலம் கம்பனியின் கையை விட்டே போனது.

அதே 1760, ஜூன் மாதம். ஆம்ஸ்டர்டாமில் கடற்படை அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நெருப்பு. வல்மொன் த பொமார் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் அதை நேரில் கண்டதாக எழுதிவைத்திருக்கிறார். எரிந்தது கறுவா முதலான வாசனைச் சரக்கு. அவர் கணக்கில் 8 மில்லியன் லீவர் பெறுமதி. விலை இறங்காமல் இருக்கவேண்டும் என்பதற்காகக் கம்பனியே எரித்தது. உருகி வழிந்த எண்ணெய் பார்த்துக்கொண்டு நின்றவர்களின் காலை நனைத்தது. ஆனால் ஒரு துண்டைக்கூட எடுக்க ஒருவருக்கும் அனுமதி இல்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே ஒரு 12 வயதுப் பிள்ளை நிறை குறையக்கூடாது என்று பட்டை உரிக்கிறான். அங்கே மிஞ்சிய பட்டைக்கு நெருப்பு வைக்கிறார்கள். கறுவா 'அரிய சரக்கு' என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அந்த அருமையில் ஒரு பங்கு செயற்கையாக உண்டாக்கப்பட்டது.

பூட்டு உடைந்த பிறகு

1765இல் ஆளுநராக வந்த ஃபோல்க்கின் காலத்தில், கண்டிக் காட்டை நம்பியிருக்காமல், கொழும்பு மருதானைப் பக்கம் கறுவாவைத் தோட்டமாகவே நட்டார்கள். கொழும்பு 7 இன்றைக்கும் கறுவாத்தோட்டம்தான், பெயரில் மட்டும். 1796இல் பிரித்தானியர் வந்தும் ஏகபோகம் தொடர்ந்தது. 1833இல், கோல்புறூக் சீர்திருத்தங்களோடுதான் அது முடிந்தது. அதற்குள் காலம் பிந்திவிட்டது. செயற்கையாக உயர்த்திய விலையால் சனம் மலிவான சீனக் கறுவாவுக்கு, அதாவது கசியாவுக்கு, பழகிவிட்டது.

அதனால்தான் இன்று உலகத்தின் பெரும்பாலான கறுவா பிஸ்கட்டுகளில் இருப்பது எங்கட கறுவா இல்லை, கசியா. அதில் கூமரின் என்ற பொருள் அதிகம். கூடுதலாக உடம்பில் சேர்ந்தால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். 2006இல் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம், நத்தார் காலக் கறுவா பிஸ்கட்டுகளைப் பற்றி எச்சரித்தது. இலங்கைக் கறுவாவில் கூமரின் மிகக் குறைவு. 2022இல் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்புக் கொடுத்தது. இலங்கைப் பொருள் ஒன்றுக்கு அது கிடைத்தது அதுதான் முதல் தடவை.

பெயருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. உரிக்கிற கைகளுக்கு? வெளிப்பட்டையைச் சுரண்டி, பித்தளைத் தடியால் தேய்த்து, மெல்லிய உள்பட்டை கிழியாமல் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நிழலில் காயவைக்கிற வேலை இன்றும் கையால்தான் நடக்கிறது. காலி, மாத்தறைப் பக்கத்தில் இதற்கு ஆள் கிடைப்பது கஷ்டமாகிக்கொண்டு வருகிறது. அந்த வேலையோடு ஒட்டின சாதிப்பெயரைச் சுமக்க இளம் ஆட்கள் விரும்பவில்லை. அதில் பிழை இல்லை. சாதியைச் சொல்லிப் பிடித்த வேலையை, திறமைக்குரிய மரியாதையும் கூலியும் கொடுக்காமல் தொடரச் சொல்லிக் கேட்க எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

சரி, குக்கீஸுக்கு வருவம். 200 கிராம் மா, 100 கிராம் பட்டர், 100 கிராம் சிவப்புச் சீனி, ஒரு முட்டை, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், இரண்டு தேக்கரண்டி கறுவாத்தூள். குழைத்து அரை மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பிறகு சின்ன உருண்டைகளாக்கித் தட்டி, 175 பாகையில் 12 நிமிடம் பேக் பண்ணுங்கள். தூள் பக்கற் வாங்காமல், பட்டை வாங்கி நீங்களே இடியுங்கள். தடித்த ஒரே சுருளாக இருந்தால் கசியா. கடதாசி மாதிரி மெல்லிய படைகள் பல ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தால் எங்கட கறுவா. அந்தப் படைகள் ஒவ்வொன்றையும் ஒரு ஆள் கையால் செருகியிருக்கிறார்.